அட்டவணைக்குக் கீழே இருந்த இரண்டு வரி

சென்ற வாரம், என்னோடு வேலை செய்த நயனா தொலைபேசியில் ஒரு கதை சொன்னாள். சட்டம் வரையும் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி, "இந்த அறையில் மட்டும் ஏன் அட்டவணையைக் கீழிருந்து மேலே வாசிக்கிறீர்கள், இது என்ன விசர்ப் பழக்கம்?" என்று கேட்டாளாம். "அது முன்பு தமிழ்ப் பக்கத்தில் இருந்த மிஸிஸ் செல்வநாதன் வைத்துவிட்டுப் போனது, காரணம் தெரியாது" என்று யாரோ பதில் சொன்னார்களாம். காரணம் தெரியாதாம்! எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளே, காரணம் இல்லாத பழக்கம் எதையும் நான் அந்த அறையில் விட்டுவிட்டு வரவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் நான் சட்டம் எழுதினேன். பாராளுமன்றத்தில் கை தூக்குகிறவர்களின் படம் பத்திரிகையில் வரும். எழுதினவர்களின் பெயர்கூட வராது. அதைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. காலையில் வெள்ளவத்தையில் நெரிசலில் பஸ் ஏறி நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிற மனுசனின் பென்ஷன் நான் எழுதின பிரிவில் வருகிறது, அந்தக் கண்டக்டரின் லீவு நான் எழுதின பிரிவில் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெருமை எனக்குப் போதும். இன்னொரு பெருமையும் இருந்தது. என் கையால் போன எதற்கும் பிழை திருத்தும் வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வந்ததே இல்லை. அதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்த வாய்க்குக் கிடைத்த அடியைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

காடு எங்களுடையது, ஆகவே காட்டுச் சட்டமும் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறோம். பாதிதான் சரி. அருகிப்போகும் மரம், செடி, விலங்குகளின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. நாங்களும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறோம். அதன் பட்டியலில் ஒரு மரம் ஏறினால் எங்கள் ஒழுங்குவிதியிலும் அது ஏறவேண்டும். ஏற்றாமல் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால், "அந்த நாட்டிடம் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் வாங்காதீர்கள்" என்று மற்ற நாடுகளுக்கு அறிவித்துவிடுவார்கள். நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அப்படி எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. உடன்படிக்கை நாடுகளின் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்திருக்கவேண்டும். அமைச்சிலிருந்து காலையில் ஒரு டெலிபோன் கோல், பின்னேரம் ஒரு கோல். வரைவு என் மேசைக்கு வந்தது.

எங்கள் ஒப்பு வாசிப்பு உங்களுக்குத் தெரியும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் வரைவில் விரலை வைத்துக்கொண்டு பின்தொடருவார். நான் வாசித்தேன். சிங்களப் பக்கத்து நயனா விரல் வைத்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை "அக்கே" என்றுதான் கூப்பிடுவாள். மரங்களின் இலத்தீன் பெயர்கள் அடுக்கடுக்காக வந்தன. எங்கள் இருவரின் வாயும் உளுக்கிப்போயிற்று, ஆனால் ஒரு பெயர் பிசகவில்லை. ரோஸ்வுட் என்று ஊர் சொல்லும் ஈட்டி மரத்தின் குடும்பம் முழுவதும் அதில் இருந்தது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம், ஓர் எண். அட்டவணைக்குக் கீழே அதற்கான குறிப்பு. அதை நான் வாசிக்கவில்லை.

ஏன் வாசிக்கவில்லை? சோம்பல் என்று நினைக்காதீர்கள், பழக்கம். எங்கள் நாட்டுச் சட்டத் தொகுப்புகளில் பக்கத்தின் அடியில் இருப்பதெல்லாம் பதிப்பித்தவர் போட்ட தகவல்தான். இந்தப் பிரிவு எப்போது திருத்தப்பட்டது, முந்திய சட்டம் எது என்று இருக்கும். அதற்குச் சட்ட வலு கிடையாது. ஆகவே அடிக்குறிப்பை வாசிக்காதே என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். நானும் எனக்குப் பின் வந்த எத்தனையோ பேரை அப்படித்தான் பழக்கினேன். வெளியிலிருந்து வந்த ஒரு தாளையும் எங்கள் வீட்டுத் தாளைப் போலவே வாசித்துவிட்டேன்.

வர்த்தமானி நேரத்துக்கு வந்தது. அமைச்சிலிருந்து ஒரு கேக் வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இனி பீட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கிற்றாரும் வயலினும் செய்கிறவர், பழுது பார்க்கிறவர். அந்தப் பக்கத்துத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களெல்லாம் அவரிடம்தான் போவார்கள். பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டும்போது அங்கே கிடக்கும் கட்டில் கால், அலுமாரிப் பலகை எல்லாம் வாங்கி வருவார். பாட்டன் காலத்து ஈட்டி மரம் அதில் கிடைக்கும். அதைச் சீவி, தந்திகளுக்கு அடியில் விரல் வைக்கிற பலகை செய்வார், தந்தி முறுக்குகிற பிருடை செய்வார். என் மகளின் வயலினை அவரிடம் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை எடுத்துவரப் போனேன்.

கடையில் மரத்தூள்கூட இல்லை. வெறும் மேசைக்குப் பின்னால் பீட்டர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"வயலின் இல்ல மிஸ். கோர்ட்ல இருக்கு."

"என்ன சொல்லுறீங்கள்?"

"டொரொண்டோவில ஒரு சர்ச்சுக்கு ஒரு கிற்றார் அனுப்பினேன். பார்சல் ஃபோம்ல என்ன மரம் எண்டு கேட்டிருந்திச்சு. ரோஸ்வுட் எண்டு உள்ளதை எழுதினேன். பொய் எழுதத் தெரியல்ல பாருங்க. ரெண்டு நாள்ல காட்டு ஆபீஸ்காரங்க கடைக்கே வந்துட்டாங்க. பெர்மிட் எங்க, மரம் வாங்கின பில் எங்க எண்டு கேக்குறாங்க. கட்டில் காலுக்கு யார் மிஸ் பில் தாறது? பதினொரு வாத்தியம். செஞ்சது, பாதி செஞ்சது, ரிப்பேருக்கு வந்தது எல்லாம் கொண்டு போயிட்டாங்க. சீவுளி, உளி ஒண்டும் மிச்சமில்ல. அப்பாட சீவுளி மிஸ் அது."

"வழக்கு எப்ப?"

"வாற வியாழக்கிழமை. குத்தத்தை ஒத்துக்கிட்டா ஃபைனோட முடியும், இழுத்தா வருசக் கணக்குல போகும் எண்டு லோயர் சொல்றார். நானும் ஒத்துக்கப் போறேன். ஆனா ஒண்டு மிஸ், அந்த டொரொண்டோ ஃபாதர் கோல் எடுத்து, இங்க கிற்றாருக்கு எந்தப் பேப்பரும் தேவையில்லையே, உங்கட நாட்டுல மட்டும் என்ன புதுச் சட்டம் எண்டு கேக்குறார். யார் மிஸ் இந்தச் சட்டமெல்லாம் எழுதுறது? கொஞ்சமாச்சும் மூளை இருக்கிறவங்களா?"

எழுதினது நான்தான் என்பதை மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஒரே உடன்படிக்கை, ஒரே மரம், அங்கே தேவையில்லாத பேப்பர் இங்கே எப்படித் தேவைப்படும்? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் நின்றது.

திங்கட்கிழமை காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் உடன்படிக்கையின் அட்டவணையை எடுத்தேன். ஈட்டி மரம், பக்கத்தில் எண். முதல் தடவையாகப் பக்கத்தின் அடிக்குப் போனேன். செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கும், அவற்றின் செய்துமுடித்த பாகங்களுக்கும், துணைப்பொருட்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று இரண்டு வரி. வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது.

பிழை அதோடு நிற்கவுமில்லை, அதைக் கவனியுங்கள். உடன்படிக்கை கேட்டது எல்லை தாண்டும் மரத்தைப் பற்றித்தான். எங்கள் காட்டுச் சட்டமோ வெள்ளைக்காரன் காலத்தது. வெட்டினாலும் குற்றம், ஏற்றினாலும் குற்றம், கணக்குக் காட்டாமல் வைத்திருந்தாலும் குற்றம். மரம் வந்த வழியை வைத்திருப்பவன்தான் காட்டவேண்டும். வெளியிலிருந்து வருகிற விதி எங்கள் சட்டத்துக்குள் வந்ததும் எங்கள் சட்டத்தின் குணத்தையும் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு வரி போனதால், டொரொண்டோவுக்குப் போகிற கிற்றார் மட்டும் அல்ல, கொட்டாஞ்சேனை மேசையில் கிடந்த பிருடையும் குற்றமாகிவிட்டது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகாது, பிடித்த சாமான் முழுவதும் அரசுடைமையாகும். அப்பாவின் சீவுளியும்தான். அதைப் பீட்டருக்கு யாரும் சொல்லவில்லை.

தொலைபேசியைக் கையில் எடுத்தேன். "பீட்டர், ஒத்துக்கொள்ளாதேங்கோ" என்று இரண்டு சொல். எடுத்த கையோடு கீழே வைத்தேன். அரசாங்கத்துக்குச் சட்டம் எழுதுகிறவள், அரசாங்கம் போட்ட வழக்கில் எதிராளியின் காதில் ஓதக்கூடாது. அது ஒன்று. காதில் சொன்னால் பீட்டர் ஒருவர் தப்புவார், வர்த்தமானி அப்படியே இருக்கும், நானும் பிழையில்லாதவளாகவே பென்ஷன் எடுப்பேன். அது மற்றது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது காரணம்தான் என் கையைத் தடுத்தது. அதை நினைக்க இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். முதலாம் பந்தி: குறிப்பை விட்டது நான். இரண்டாம் பந்தி: பிடிபட்ட பதினொரு வாத்தியத்தில் ஒரு வயலின் என்னுடைய வீட்டுடையது, ஆகவே திருத்தத்தை நான் எழுதக்கூடாது, இன்னொருவர் எழுதவேண்டும். மூன்றாம் பந்தி: வழக்கு வியாழக்கிழமை. இரண்டாம் பந்தியைத்தான் இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதினேன். பிழையைச் செய்தவளுக்கு அதைத் திருத்துகிற மரியாதையாவது கிடைக்கவேண்டாமா என்று இருந்தது. கிடைக்காது. அதுதான் முறை.

நயனா குறிப்பை வாசித்துவிட்டு என் பேனாவையே வாங்கி அடியில் தானும் ஒப்பம் வைத்தாள். "நீங்கள் வாசித்தீர்கள் அக்கே, விரல் வைத்தது நான்தானே? அந்த எண்ணின் மேலேயும் என் விரல் போயிருக்கும்."

மேலதிகாரி நல்ல மனிதர். ஆனால் அன்று அவருக்கு என்மேல் நல்ல கோபம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இப்படி எழுதலாம்:

"மிஸிஸ் செல்வநாதன், அடுத்த மாதம் நம்முடைய ஆட்கள் அந்தக் கூட்டத்தில் இந்த வர்த்தமானியைத் தூக்கிக் காட்டப்போகிறார்கள். இப்போது போய் அது பிழை என்றால் என்ன முகத்தோடு காட்டுவது? கூட்டம் முடியட்டும். ஆறுதலாகத் திருத்துவோம்."

"வியாழக்கிழமை ஆறுதலாக வராது சேர்."

"ஒரு கிற்றார்க்காரர். அபராதம் கட்டிவிட்டுப் போவார். அதுவும் உங்கள் வயலின் உள்ளே இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால்?"

"கேட்கட்டும். இரண்டாம் பந்தியில் எழுதியிருக்கிறேன்."

அவர் கோப்பை மூடினார். நான் எழும்பவில்லை. முப்பது வருடத்தில் ஒரு மேலதிகாரி கோப்பை மூடின பிறகும் அவர் அறையில் நான் இருந்தது அன்று மட்டும்தான்.

"சேர், அந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்கள் மரத்தின் பெயரை வாசிக்கமாட்டார்கள். பெயர் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அவர்கள் அடிக்குறிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் பேரம் நடந்தது அங்கேதான். எத்தனை நாட்டு வாத்தியக்காரர் அந்த இரண்டு வரிக்காக மன்றாடியிருப்பார்கள்! பீட்டரைப் போன்ற ஆட்கள் உலகச் சட்டத்துக்குள் வந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். அதை வெட்டிவிட்ட தாளைத் தூக்கிக் காட்டினால்தான் சிரிப்பார்கள். நாங்களே கண்டுபிடித்துத் திருத்தினோம் என்றால் யார் சிரிப்பார்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு இதுவரை திருத்த வர்த்தமானி ஒன்றுகூட வந்ததில்லை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?"

"ஓம் சேர். இனிச் சொல்லமாட்டார்கள்."

செவ்வாய் முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. புதன்கிழமை பின்னேரம் கோப்பு கையொப்பத்தோடு வந்தது. நயனா திருத்தத்தை எழுதினாள். வாத்தியங்களுக்கும் பாகங்களுக்கும் விலக்கு, ஏற்றுமதிக்கு மட்டும் அல்ல, வைத்திருப்பதற்கும் சேர்த்து. இரண்டு வரியில் எழுதிவிட்டாள். நான் எழுதியிருந்தால் நாலு வரி வந்திருக்கும். எனக்குச் சொல்லப்பட்ட வேலை வேறு, நடந்ததை ஒரு சத்தியக் கடதாசியில் எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது.

வியாழக்கிழமை புதுக்கடை நீதிமன்றத்தில் பீட்டர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். என்னைக் கண்டதும் தனக்காக வந்தேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். அவருடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வழக்குத் தொடுத்தவர்களின் சட்டத்தரணி எழுந்து, ஒழுங்குவிதியில் பிழை இருக்கிறது, திருத்தம் அச்சுக்குப் போகிறது, வழக்கை மீளப் பெற அனுமதி வேண்டும் என்றார். சத்தியக் கடதாசியை நீதவானிடம் கொடுத்தார்கள். நீதவான் ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருடைய பிழை?"

கடதாசியிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் அவர் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"என்னுடையது."

பீட்டர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. வழக்கு மீளப் பெறப்பட்டது. சாமான் முழுவதையும் திருப்பிக் கொடுக்கக் கட்டளை ஆயிற்று. வெளியே விறாந்தையில் நான் அவருக்குக் கிட்டப் போனேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நியாயம்தானே? நான் என்ன, பூமாலையா எதிர்பார்க்க முடியும்?

பத்து நாள் கழித்து வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் கதவு மணி அடித்தது. வயலின் பெட்டியோடு பீட்டர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்டைக்குக் கோர்ட்ல உங்களோட கதைக்கப் பிடிக்கல்ல மிஸ். கோவம்."

"தெரியும்."

"கடைக்கு வந்தீங்கதானே, அப்பவே தெரியுமா?"

"இல்லை பீட்டர். சட்டம் எழுதினது நான் எண்டு தெரியும். பிழை எண்டு திங்கட்கிழமைதான் கண்டனான்."

அவர் வாசலில் நின்றபடியே பெட்டியைத் திறந்தார்.

"ஒரு பிருடை உடைஞ்சிருந்திச்சு. புதுசு போட்டிருக்கேன். அதே கட்டில் கால், ரோஸ்வுட்தான். இனிப் பயமில்லையே?"

"செய்துமுடித்த இசைக்கருவிகளும், செய்துமுடித்த பாகங்களும், துணைப்பொருட்களும்" என்று சொன்னேன். "பாகத்துக்குள்ள பிருடை வரும்."

"பாடமாக்கி வச்சிருக்கீங்க."

"ஓம்."

அவர் பிருடையை மெல்ல முறுக்கி ஒரு தந்தியைத் தட்டிப் பார்த்தார். "இந்த ரெண்டு வரியை அண்டைக்கே வாசிச்சிருந்தீங்கண்டா, எனக்கு இவ்வளவு அலைச்சலும் இல்ல, என்ன மிஸ்?"

"இல்லை" என்றேன்.

"சரி, பிடிங்க" என்று வயலினை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அந்தத் திருத்த வர்த்தமானியின் ஒரு பிரதி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. நான் எழுதின சட்டம் ஒன்றையும் அப்படி வைத்திருக்கவில்லை. கூட்டத்துக்குப் போனவர்களும் தலை நிமிர்ந்துதான் திரும்பி வந்தார்கள். ஓய்வு பெறும் நாளில் என்னைப் பாராட்டிப் பேச வந்தவர் பழைய கதையை எடுத்து, ஒரு திருத்தமும் இல்லாத கை என்று தொடங்கினார். நான் இருந்த இடத்திலிருந்தே "ஒன்று இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். நயனாதான் முதலில் கை தட்டினாள்.

நீங்கள் கேட்ட பழக்கம் எப்போது தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் வந்துபோன அடுத்த நாள் காலையில் இன்னொரு வெளிநாட்டு அட்டவணை மேசைக்கு வந்தது. இந்த முறை மீன். கதவைச் சாத்திவிட்டு நான் மூலத்தைக் கையில் எடுத்தேன். நயனா வழக்கம்போல விரலை முதல் வரியில் கொண்டுபோய் வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் விரலைப் பக்கத்தின் கடைசி வரிக்கு இறக்கினாள். நான் வாசிக்கத் தொடங்கினேன்.